திருப்பதி விளக்கும் கல்பாக்கம் கடலும்

திருப்பதியில் தலைமையகம் கொண்ட ஆந்திரத் தெற்கு மின் பகிர்மான நிறுவனம் வாங்கும் மின்சாரத்தில் அனல், நீர், சூரியன், காற்று எல்லாம் கலந்திருக்கின்றன. சிறு பங்காகக் கல்பாக்கம் அணுமின் நிலையமும் அதில் உண்டு. அந்தச் சிறு பங்கு பிறக்கும் இடத்தைத் தம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்ட, சித்தூரின் இயற்பியல் ஆசிரியர் ஒருவர் விடியும் முன்பே அவர்களைப் பேருந்தில் ஏற்றினார்.

வழித்துணை பாலாறு. கர்நாடகத்தில் பிறந்து, சித்தூர் மாவட்டத்தின் குப்பம் பக்கமாகத் தமிழகத்துக்குள் நுழையும் இந்த ஆறு, கல்பாக்கத்துக்குத் தெற்கே வாயலூரில் கடலைச் சேர்கிறது. காட்பாடி தாண்டி வேலூர்ப் பாலத்தில் ஏறியபோது ஆற்றில் மணலே அதிகம் தெரிந்தது.

“அணுவிலிருந்து நேரா கரண்ட் வருமா சார்?” என்றாள் ஜன்னலோரச் சிறுமி.

“இல்லம்மா. அணு தண்ணியைக் காய்ச்சுது. மத்ததெல்லாம் ஆவியோட வேலை.”

யுரேனியம்-235 அணுக்கருவுக்குள் ஒரு நியூட்ரான் நுழைந்தால் கரு இரண்டாகப் பிளக்கும். வெப்பம் வெளிப்படும், இரண்டு மூன்று புது நியூட்ரான்களும் சீறிப் பாயும். அவை அடுத்த கருக்களைப் பிளந்தால்தான் உலை தொடர்ந்து எரியும். ஆனால் இயற்கை யுரேனியத்தில் ஆயிரத்துக்கு ஏழு அணுக்களே 235 வகை. நியூட்ரானின் வேகம் தணிந்தால்தான் அந்தக் கருக்களைப் பிளக்கும் வாய்ப்பு கூடும். ஆசிரியர் கேரம் பலகையைச் சொல்லி விளக்கினார்: ஸ்ட்ரைக்கர் சட்டத்தில் பட்டால் வேகத்தோடு திரும்பும், காயில் பட்டால் வேகத்தைக் காய்க்குக் கொடுத்துவிட்டுத் தளரும். நியூட்ரானுக்கு ஏற்ற காய் கனநீரிலுள்ள டியூட்டீரியம் என்னும் கன ஹைட்ரஜன். சாதாரண நீரின் ஹைட்ரஜன் இன்னும் நன்றாகத் தளர்த்தும், ஆனால் நியூட்ரான்களை விழுங்கியும் விடும். கனநீர் விழுங்குவது மிகக் குறைவு. அதனால் செறிவூட்டாத யுரேனியமே கல்பாக்கத்துக்குப் போதும்.

திருக்கழுக்குன்றம் தாண்டி, சதுரங்கப்பட்டினம் கடற்கரையில் இறங்கினார்கள். டச்சுக்காரர் கோட்டை இருக்கும் அந்த ஊரின் கரையிலிருந்து வடக்கே நிலையக் கட்டடங்கள் தெரிந்தன. இந்தியப் பொறியாளர்களே கட்டி எழுப்பிய முதல் அணுமின் நிலையம் அது. முதல் உலை 1983 ஜூலையில் உயிர்பெற்றது. இரண்டாவது 1986-இல் வணிக உற்பத்திக்கு வந்தது. ஒவ்வொன்றின் திறனும் 220 மெகாவாட்.

மணலில் குச்சியால் மூன்று வளையங்கள் வரைந்தார் ஆசிரியர். முதல் வளையத்தில் கனநீர்: உலையின் 306 குழாய்களில் கிடக்கும் எரிபொருள் கட்டுகளைத் தழுவி 290 டிகிரி அளவுக்குச் சூடேறும், அழுத்தம் அதைக் கொதிக்க விடாது. இரண்டாவதில் சாதாரண நீர்: கனநீரின் சூட்டை உலோகச் சுவர் வழியே வாங்கி ஆவியாகும், அந்த ஆவி டர்பைனை நிமிடத்துக்கு 3,000 சுற்று சுழற்ற, ஜெனரேட்டர் மின்சாரம் தரும். மூன்றாவது, எதிரே இருக்கும் கடல்: ஆவியைக் குளிர்வித்து மீண்டும் நீராக்கும். ஒன்றின் நீர் மற்றொன்றில் கலப்பதில்லை. கடலடிச் சுரங்கம் வழியாகத்தான் கடல்நீர் உள்ளே வருகிறது.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமியும் அதே சுரங்கம் வழியே ஏறிப் பம்பு அறையை மூழ்கடித்தது. இயங்கிக்கொண்டிருந்த இரண்டாம் உலையைப் பாதுகாப்பாக நிறுத்தினார்கள். கடலோர ஊழியர் குடியிருப்பிலோ பல உயிர்கள் போயின.

“நிறுத்திட்டா ஆபத்து முடிஞ்சுதா சார்?”

முடியாது. பிளவு நின்ற நொடியிலும் பிளவுத் துண்டுகளின் கதிரியக்கத்தால் முழுத்திறனில் சுமார் 6 சதவீத வெப்பம் எழுந்துகொண்டிருக்கும், மெல்லத்தான் குறையும். அதைத் தணிக்க நீர் ஓடியே ஆகவேண்டும். 2011-இல் ஃபுகுஷிமாவில் பம்புகளுக்கு மின்சாரம் போனதால்தான் நிறுத்திய உலைகளே உருகின.

திரும்பும் வழியில் பின்னிருக்கைப் பையன் யுரேனியம் எங்கே கிடைக்கிறது என்று கேட்டான். பதில் அவன் ஊருக்கு வடக்கே, கடப்பா மாவட்டத்தின் தும்மலப்பள்ளியில் இருந்தது. அங்கே 2012 முதல் ஓர் ஆலை தாதுவிலிருந்து யுரேனியத்தைப் பிரிக்கிறது. அதன் கழிவுக்குட்டையால் நிலத்தடி நீர் கெடுகிறது என்று சுற்றுக் கிராம விவசாயிகள் புகார் சொல்லிவருகிறார்கள்.

“அப்ப அங்கயும் போகணும் சார்” என்றான் பையன். போகலாம், ஆனால் ஆலையின் வாசலோடு திரும்பக் கூடாது, அந்த விவசாயிகளிடமும் கேட்க வேண்டும் என்றார் ஆசிரியர். வேலூர் வருவதற்குள் பிள்ளைகள் கேள்விகளை எழுதத் தொடங்கிவிட்டார்கள்.