விற்பனைக்கு: ஓட்டு வீடு, கிழக்குப் பார்த்த வாசல்

போன பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போனப்ப அப்பா எனக்கு ஒரு வேலை வச்சிருந்தார். "தாத்தா வீட்டை வித்துடலாம்னு இருக்கோம்டா. நீதான் நல்லா போட்டோ எடுப்பியே, நெட்ல ஒரு விளம்பரம் போட்டு விடு." செமஸ்டர் முழுக்க ரெக்கார்டு நோட்டு எழுதின கை. பத்து நிமிஷத்துல முடிச்சிடலாம்னு நினைச்சேன். நாலு நாள் ஆச்சு.

எங்க ஊர் கச்சிராயபாளையத்துக்குப் பக்கம். கள்ளக்குறிச்சியில பஸ் ஏறினா, கொஞ்ச நேரத்துலயே கரும்புக்காட்டுக்குப் பின்னாடி கல்வராயன் மலை எட்டிப் பார்க்கும். மலையில மழை பெய்ஞ்சா கோமுகி அணைக்குத் தண்ணி வரும். அணைக்குத் தண்ணி வந்தா எங்க ஊர்ல கடன் கொஞ்சம் குறையும். தாத்தா அந்த வீட்டைக் கட்டினதும் கரும்புக் காசுலதான். முன்னாடி திண்ணை, நடுவுல முற்றம், பின்னாடி கிணறு. மலையிலிருந்து புளி, கடுக்காய், தேன் கொண்டு வர்றவங்க அந்தத் திண்ணையில உட்கார்ந்து ஒரு சொம்பு தண்ணி குடிச்சிட்டுத்தான் சந்தைக்குப் போவாங்களாம்.

விளம்பரத்துல "சிறப்பு அம்சங்கள்"னு ஒரு கட்டம் இருந்தது. அதுல நிலைக்கதவைப் பத்தி எழுதினேன். ஒரு ஆசாரி பல வாரம் எங்க வீட்டுலயே சாப்பிட்டுத் தங்கி செதுக்கினது. நிலைக்கு மேல கஜலட்சுமி, ரெண்டு பக்கமும் கிளி. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைச்சது உங்கள்ல சிலருக்குத் தெரிஞ்சிருக்கும். நான் அந்தச் செய்தியை ஹாஸ்டல் மெஸ்ல உட்கார்ந்து படிச்சப்ப, எங்க வீட்டுக் கதவு ஞாபகத்துக்கே வரல. அதுதான் உண்மை.

முதல்ல வந்தவர் கதவை விரல் முட்டியால ரெண்டு தட்டு தட்டிப் பார்த்தார். "தேக்குதான். கதவையும் தூணையும் தனியா எடுத்துக்கிறேன். வீட்டை இடிச்சிட்டு மனையா வித்துக்குங்க." அப்பா ஒண்ணும் சொல்லல. திண்ணையில உட்கார்ந்திருந்த ஆயா மட்டும் எழுந்து உள்ளே போயிடுச்சு.

ரெண்டாவதா வந்தவர் விவரமானவர். பத்திரம் கேட்டார், பட்டா கேட்டார், வில்லங்கச் சான்று கேட்டார். பதிவுத்துறை இணையதளத்துல நானே வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். தாத்தா மனை வாங்கின பத்திரம் ஒண்ணு, அவ்வளவுதான். "பார்த்தியா, ஒரு வில்லங்கமும் இல்ல"ன்னு பெரியப்பா சிரிச்சார். வந்தவர் அமைதியா ஒரு கேள்வி கேட்டார்: "வாரிசு எத்தனை பேர்?"

அந்தக் கேள்வியை நீங்களும் ஞாபகம் வச்சுக்குங்க. வில்லங்கச் சான்று பதிவான பரிவர்த்தனையைத்தான் காட்டும். ஒருத்தர் இறந்து போனா அவர் சொத்து யார் யாருக்குப் போச்சுங்கிறது அதுல வராது. அதுக்கு வாரிசுச் சான்று வேணும். எங்க தாத்தா உயில் எழுதாமப் போயிட்டார். வாரிசுச் சான்றுல நாலு பேர்: ஆயா, பெரியப்பா, அப்பா, அத்தை.

"அவளுக்குத்தான் அப்பவே நகை போட்டு, சீர் செஞ்சு அனுப்பியாச்சே. பத்திரத்தன்னிக்கு வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போவா"ன்னார் பெரியப்பா. இந்த வசனத்தை உங்க வீட்டுலயும் கேட்டிருப்பீங்க.

அன்னிக்கு ராத்திரி உட்கார்ந்து படிச்சேன். பொண்ணுங்களுக்குச் சொத்துல பங்குன்னா நாம எல்லாரும் 1989 தமிழ்நாடு திருத்தம், 2005 மத்திய திருத்தம்னு சொல்லுவோம். அந்தத் திருத்தங்கள் பொண்ணுங்களுக்குக் கொடுத்த பிறப்புரிமை பூர்வீகச் சொத்துக்கானது. அப்பா தானே சம்பாதிச்சு, உயில் எழுதாம இறந்தா, 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்துலயே மனைவி, மகன், மகள் எல்லாருக்கும் சம பங்கு. ஆனா குடும்பம் குடியிருக்கிற வீட்டைப் பாகம் பிரிக்கச் சொல்லி மகள் கேட்க முடியாது, மகன்கள் பிரிக்கிற வரைக்கும் காத்திருக்கணும்னு 23-வது பிரிவு இருந்தது. 2005-ல அந்தப் பிரிவையே எடுத்துட்டாங்க. ஆக, அந்த வீட்டுல அத்தைக்குக் கால் பங்கு. சீர் செஞ்சதால அது குறையாது.

இப்ப ஒரு விஷயத்தை உங்ககிட்ட மறைக்கக் கூடாது. வீட்டை விக்கிறதே பாதி என் ஃபீஸுக்காகத்தான். மூணாக் பிரிச்சா அப்பா பங்குல என் படிப்புக் கடன் மொத்தமும் அடைஞ்சிடும். நாலாப் பிரிச்சா அடையாது. லேப்டாப்பை மூடி வச்சிட்டுப் படுத்துட்டேன். சொல்லாம விட்டா யாருக்குத் தெரியும்னு ஒரு மணி நேரம் யோசிச்சேன். ஒரு மணி நேரம் முழுசா.

தாத்தா அடிக்கடி மலையைக் காட்டிச் சொல்லுவார்: "மேல 1976 வரைக்கும் ஜாகீர்தார் ராஜ்ஜியம்டா. உழுறவனுக்குத் தன் பேருல ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. பேரு காகிதத்துல இருக்கணும்." வாரிசுச் சான்றுல அத்தை பேர் இருந்தது. இருந்தும் யாரும் அதைக் கணக்குல எடுத்துக்கல.

காலையில சின்னசேலத்துக்கு அத்தைக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். ரொம்ப நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "வீட்டை விக்கிறாங்களாடா? எனக்கு இப்பதான் தெரியும்"னாங்க. பங்கைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. "கிணத்தடி முருங்கை இருக்கா?"ன்னு கேட்டாங்க. இருக்குன்னேன்.

பெரியப்பா ரெண்டு நாள் என்கிட்டப் பேசல. அப்பா மட்டும் ராத்திரி சாப்பிடறப்ப, "நான்தான் முதல்ல அவகிட்டச் சொல்லியிருக்கணும்"னு தட்டைப் பார்த்துச் சொன்னார். அடுத்த ஞாயித்துக்கிழமை அத்தை வந்தாங்க. நாலு பேரும் முற்றத்துல உட்கார்ந்து பேசினாங்க. சத்தம் வந்தது, அழுகையும் வந்தது. கடைசியில ஆயாதான் முடிச்சு வச்சது: "வித்தா நாலு பங்கு. இல்லாட்டி நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

வீடு இன்னும் விக்கல. விளம்பரத்தைத் திருத்தி எழுதியிருக்கேன்: ஓட்டு வீடு, கிழக்குப் பார்த்த வாசல், வத்தாத கிணறு, செதுக்கின நிலைக்கதவு. கதவு தனியாக் கிடையாது. உரிமையாளர்கள் நாலு பேர். என் படிப்புக் கடனை வேலைக்குப் போய் நானே கட்டிக்கிறேன்.

அடுத்த லீவுக்கு வீட்டுக்குப் போறப்ப, உங்க வீட்டுப் பத்திரத்தை ஒரு தடவை எடுத்துப் படிங்க. அப்படியே உங்க அத்தைக்கும் ஒரு போன் போடுங்க.