ராஜம்மாளாகிப்போன ரோசி

பி.கே.ரோசி என்ற பேரை எங்களில் பலர் முதன்முதலாகக் கேள்விப்பட்டது, மலையாள இயக்குநர் கமலின் ‘செல்லுலாய்ட்’ (2013) படத்தைச் சேர்ந்திருந்து பார்த்தபோதுதான். அது ஜே.சி.டேனியலின் கதை. ஆனால் படம் முடிஞ்ச பிறகு நாங்க கதைச்சதெல்லாம் ரோசியைப் பற்றித்தான்.

டேனியல் அகஸ்தீஸ்வரத்துக்காரர். 1920களின் கடைசியில் சொத்தை விற்று ‘விகதகுமாரன்’ என்ற மௌனப் படத்தை எடுத்தார். மலையாளத்தின் முதல் படம் அதுதான். பேருக்கு ‘காணாமல்போன பிள்ளை’ என்று அர்த்தம். அந்தப் பிள்ளையைக் கடத்திக்கொண்டு வந்து விடுவது வேறெங்குமில்லை, எங்கட இலங்கைக்கு! இங்கே தோட்டத்தில் கூலியாக வளர்கிறான். அவனுடைய சகோதரி சரோஜினியாக நடித்தவர் ரோசி.

ரோசி புலையர் சாதியில் பிறந்தவர். காக்காரிசி நாடகங்களில் நடித்துப் பழகியவர். படத்தில் அவருக்குக் கிடைத்தது நாயர் பெண் வேடம். ஒரு புலையப் பெண் நாயர் பெண்ணாக நடிப்பதா? திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டரில் கூட்டம் திரைக்குக் கல்லெறிந்தது. ரோசியின் குடிசையை எரித்தார்கள். லொறி ஒன்றில் ஏறித் தப்பியவர், அதன் சாரதியையே கலியாணம் செய்து, நாகர்கோவிலில் ராஜம்மாளாக வாழ்ந்து முடித்தார். பிறகு எந்தப் படத்திலும் நடிக்கவில்லை.

அதே காலத்தில் பம்பாயில் ஃபாத்மா பேகம் நடித்தது மட்டுமல்ல, 1926இல் ‘புல்புல்-இ-பரிஸ்தான்’ படத்தை இயக்கி இந்தியாவின் முதல் பெண் இயக்குநரும் ஆனார். அவருடைய மகள் சுபைதா 1931இல் ‘ஆலம் ஆரா’வின் நாயகி. ஆகவே, பொம்பிளை நடிச்சா என்பதற்காக மட்டும் ரோசியை விரட்டவில்லை. அவர் எந்தச் சாதி என்பதற்காகவும்தான்.

‘விகதகுமாரன்’ படச்சுருள் இன்று இல்லை. டேனியலின் பேரில் கேரள அரசு 1992 முதல் விருது கொடுக்கிறது. ரோசிக்குக் காலம் பிந்தித்தான் மரியாதை வந்தது. 2019இல் கேரளத் திரைத்துறைப் பெண்கள் தங்கள் திரைப்படச் சங்கத்துக்கு அவர் பேரை வைத்தார்கள். 2023 பெப்ரவரி 10இல் கூகுள் தன் முகப்பில் அவரை வரைந்தது.

கல்முனை, சாய்ந்தமருதுப் பக்கம் குறும்படம் எடுக்கிற எங்களுக்கு இது தூரத்துக் கதையில்லை. நடிக்கப் பெண்பிள்ளை தேடுறதுதான் இங்க பெரும்பாடு. எங்கட படமொன்றுக்கு வந்த தங்கச்சி, “குரல் மட்டும் தாறன் காக்கா, முகமும் பேரும் வேணாம்” என்றா. ரோசிக்குத் திரையில் முகம் இருந்தது, குரல் இல்லை. இவவுக்குக் குரல் மட்டும்தான். ஏன் என்று நாங்க கேட்கல்ல. ஊர் அவட வாப்பாக்கிட்ட என்ன கேட்கும் என்று எங்களுக்கே தெரியும்.

ரோசிக்குக் கல்லெறிந்தது படம் பார்க்க வந்த சனம். எங்கட படத்தையும் சனம்தான் பார்க்குது. நாளைக்கு ஒரு பிள்ளை “என்ட பேரைப் போடுங்க” என்று சொன்னா, அதுக்குப் பிறகு வாற கதைகளுக்குப் பதில் சொல்ல வேண்டியது அவ இல்ல, நாங்க.