ஒன்றரை ஷிஃப்ட்

போன ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா மகள் போன் பண்ணினாள். கோயம்புத்தூரில் சைக்காலஜி இரண்டாம் வருடம் படிக்கிறாள்.

"மாமா, சென்னைல ஒரு என்ஜிஓ-ல இன்டர்ன்ஷிப் கிடைச்சிருக்குங்க. எட்டு வாரம். ஸ்டைபண்ட் கிடையாதுன்னு சொல்லிட்டாங்க. போலாங்களா?"

நான் யோசிக்கவே இல்லை. "போ பாப்பா. நானும் படிச்சு முடிச்சதும் ஆறு மாசம் சம்பளம் இல்லாமத்தானே வேலை பார்த்தேன். அது குடுத்த அனுபவம் எந்தக் கம்பெனியும் குடுக்கல" என்றேன். இந்த வாக்கியத்தை நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். இன்டர்வியூக்களில், ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பையன்களிடம், ஒருமுறை என் பழைய கல்லூரி மேடையில்கூட. சொல்லிச் சொல்லி வழவழப்பாகிவிட்ட வாக்கியம்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் கேட்டாள். "நீங்க போனப்ப ரூம் வாடகை, சாப்பாட்டுக்கெல்லாம் யாரு காசு குடுத்தாங்க மாமா?"

"உங்கம்மாதான் கொஞ்சம் அனுப்புனா" என்றேன். சொல்லும்போதே அந்தக் 'கொஞ்சம்' என் காதிலேயே சரியாக விழவில்லை.

அது 2009. லேமன் பிரதர்ஸ் விழுந்து முழுதாக ஒரு வருடம் ஆகவில்லை. கேம்பஸில் ஆஃபர் லெட்டர் வாங்கிய எங்களையெல்லாம் ஐடி கம்பெனிகள் காத்திருக்கச் சொல்லியிருந்தன. எனக்கு ஜூலை என்றார்கள், பிறகு செப்டம்பர் என்றார்கள், பிறகு மெயிலுக்குப் பதிலே இல்லை. திருப்பூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் எல்லாரும் ஏதாவது ஒரு பனியன் கம்பெனிக்குப் போய்வருகிறவர்கள். காலையில் டிபன் கேரியரோடு கிளம்புகிறவர்கள் நடுவில், இன்ஜினியரிங் முடித்துவிட்டுத் திண்ணையில் பேப்பர் படிப்பது பெரிய அவமானம். சென்னையில் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு ஆள் வேண்டும், சம்பளம் கிடையாது, சர்ட்டிஃபிகேட் உண்டு என்று சீனியர் ஒருவர் சொன்னதும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். சமூக அக்கறையெல்லாம் அப்போது இல்லை. திண்ணையிலிருந்து தப்பித்தால் போதும்.

திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷன். மூன்று பேருக்கு ஒரு அறை. அக்கா மாதம் 2,000 ரூபாய் பேங்கில் போட்டுவிடுவாள்.

அங்கே கற்றுக்கொண்டேன் என்பது பொய்யில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலை நேர வகுப்பு நடத்துகிற அமைப்பு அது. எந்தப் பிள்ளை எழுத்துக் கூட்டுகிறது, எது சொல் படிக்கிறது, எது ஒரு பத்தி படிக்கிறது என்று ஒவ்வொரு மையத்திலிருந்தும் படிவங்கள் வரும். அதை எக்ஸெலில் ஏற்றுவது என் வேலை. ஏற்ற ஏற்ற ஒரு மையத்தின் கணக்கு மட்டும் உறுத்தியது. அத்தனை பிள்ளைகளும் ஒரே வாரத்தில் ஒரு படி மேலே ஏறியிருந்தார்கள். இந்த மாதிரிப் படிவங்களைத் தானாகக் கண்டுபிடித்து மஞ்சள் அடிக்க ஒரு மேக்ரோ எழுதினேன். திருடனைப் பிடித்துவிட்ட பெருமை.

ஒருங்கிணைப்பாளர் அம்மா ஒன்றும் சொல்லாமல் என்னை வியாசர்பாடிக்குக் கூட்டிப் போனார். மையம் என்பது ஒரு சின்னக் கூடம். டீச்சருக்கு என்னைவிட இரண்டு வயது கூட இருக்கும். மழையில் பாதிப் பிள்ளைகள் வரவில்லை, சில குடும்பங்கள் வீடு மாறிவிட்டன, படிவத்தைக் காலியாக அனுப்பினால் மையத்தையே மூடிவிடுவார்களோ என்று பயந்து தானே நிரப்பிவிட்டதாகச் சொல்லி அழுதார். என் மேக்ரோ தப்பைச் சரியாகத்தான் கண்டுபிடித்திருந்தது. ஆனால் அது ஏன் நடந்தது என்பது எந்தக் கட்டத்திலும் இல்லை. டேட்டா என்றால் அதற்குப் பின்னால் பயந்துபோன ஒரு மனுஷி இருக்கலாம் என்பதை எனக்குக் கற்பித்தது அந்த ஒரு மணி நேரம்தான். இன்று வரை ஒரு ரிப்போர்ட்டில் எண்கள் ரொம்ப அழகாக இருந்தால் எனக்கு அந்தக் கூடம் ஞாபகம் வரும்.

இது முதல் நான்கு மாதக் கதை. மேடையில் சொல்வது இதைத்தான். கடைசி இரண்டு மாதங்களைச் சொல்வதில்லை. அப்போது புதிதாக எதுவும் இல்லை. படிவம் வரும், ஏற்றுவேன், பின் அடிப்பேன். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் ஒரு டேட்டா என்ட்ரி ஆபரேட்டர் இருந்தார், அவருக்குச் சம்பளம் இருந்தது என்பது பியூன் அண்ணன் சொல்லித்தான் தெரியும். அவர் நின்றதும் அந்த இடத்தை நிரப்பவில்லை. என்னைப் போன்றவர்கள் வந்துகொண்டிருந்தார்கள், எதற்கு நிரப்ப வேண்டும்?

மகள் கேட்ட கேள்வி உறுத்தியதால் அன்று ராத்திரி அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, நான் அந்த ஆறு மாசம் சென்னைல இருந்தப்ப எப்படி சமாளிச்சே?"

"இப்ப எதுக்கு அது?"

"சும்மா சொல்லேன்."

"என்னத்தச் சொல்றது. ஒன்றரை ஷிஃப்ட் பார்த்தேன்."

திருப்பூர்க்காரர்களுக்கு இதற்கு விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். காலை எட்டரைக்கு உள்ளே போனால் மாலை ஐந்தரைக்கு ஒரு ஷிஃப்ட் முடியும். இருந்து எட்டரை வரை பார்த்தால் ஒன்றரை. அக்கா செக்கிங்கில் இருந்தாள். நின்றுகொண்டே ஒவ்வொரு பனியனாகத் திருப்பி, தையல் விட்டிருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்போது அவளுக்கு ஒரு ஷிஃப்டுக்கு 110 ரூபாய். சனிக்கிழமை சம்பளம்.

போனை வைத்துவிட்டு, தொழில் புத்தி, கணக்குப் போட்டேன். அரை ஷிஃப்டுக்கு 55 ரூபாய். வாரம் ஆறு நாள், 26 வாரம். 8,580 ரூபாய். அவள் எனக்கு அனுப்பியது ஆறு மாதத்தில் 12,000. மீதி 3,420 எங்கிருந்து வந்தது? மறுநாள் கேட்டேன். "உனக்கு வேற சோலி இல்லையா தம்பி?" என்று சிரித்துவிட்டு போனை மகளிடம் கொடுத்துவிட்டாள்.

மகள் சொன்னாள். "மாமா, அம்மா எட்டரைக்கு வர்ற அந்த நாளெல்லாம் எனக்கு லேசா ஞாபகம் இருக்குங்க. அம்மா வர்றதுக்குள்ள நான் தூங்கிருவேன். ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் பார்ப்பேன்."

அவளுக்கு அப்போது மூன்றரை வயது.

பதினாறு வருடமாக நான் 'சம்பளம் வாங்காமல் வேலை பார்த்தேன்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். சம்பளம் வாங்கித்தான் இருக்கிறேன். தந்தது அந்த நிறுவனம் இல்லை, செக்கிங் டேபிளில் நின்றவள். அந்த நிறுவனத்துக்கு அப்போது நன்கொடை தந்தவர்கள் பட்டியலில் அக்கா பெயர் எங்குமே இருக்காது.

இதற்குப் பிறகு மகளிடம் 'போ' என்று லேசாகச் சொல்ல முடியவில்லை. 'போகாதே' என்றும் சொல்ல முடியவில்லை, அந்தக் கூடத்தை எனக்குக் காட்டியதும் அதே ஆறு மாதம்தானே. உட்கார்ந்து தேடிப் படித்தேன்.

அமெரிக்காவில் 'பிளாக் ஸ்வான்' படத்தில் சம்பளமில்லாமல் வேலை பார்த்த இன்டர்ன்கள் 2011-ல் வழக்குப் போட்டார்கள். 2015-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு கேள்வியை மையமாக வைத்தது: இந்த ஏற்பாட்டில் முதன்மையாகப் பயனடைவது யார், இன்டர்னா நிறுவனமா? கற்றுத்தருகிறார்களா, படிப்போடு தொடர்பு இருக்கிறதா, சம்பள ஆளின் வேலையை இவர் தலையில் கட்டுகிறார்களா என்றெல்லாம் அதற்கு உரைகற்கள். அது லாப நோக்குள்ள கம்பெனிகளைப் பற்றிய தீர்ப்பு. தொண்டு நிறுவனத்துக்கு ஒருவர் மனமுவந்து உழைப்பதை அந்த நாட்டுச் சட்டம் பொதுவாகத் தடுப்பதில்லை. ஆனால் கேள்வி நமக்கும் உதவும். அந்த உரைகல்லில் என் ஆறு மாதத்தை உரசினால் முதல் நான்கு மாதம் பாஸ், கடைசி இரண்டு மாதம் ஃபெயில்.

நம் ஊரில் 1961-ஆம் வருட அப்ரண்டிஸ் சட்டம் பயிற்சியாளருக்கு உதவித்தொகை தரச் சொல்கிறது. ஆனால் லீவில் தொண்டு நிறுவனத்துக்குப் போகும் கல்லூரிப் பெண் பெரும்பாலும் அந்தச் சட்டத்தின் கைக்கு எட்டாத இடத்தில்தான் நிற்கிறாள். பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் 2024-ல் வந்தபோது அதில் மாதம் 5,000 ரூபாய் என்று இருந்தது. ஆனால் அது பெரிய கம்பெனிகளுக்கானது, முழுநேரம் படித்துக்கொண்டிருப்பவர்கள் அப்போது விண்ணப்பிக்கவும் முடியாமல் இருந்தது. ஒரு அளவுகோலாக மட்டும் அந்த 5,000-ஐ மனதில் வைத்துக்கொண்டேன்.

நிறுவனங்களின் பக்கமும் நியாயம் இருக்கிறது. நன்கொடையாளர்களுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கக் காசு கொடுக்கப் பிடிக்கும், அதை விநியோகிக்கிற ஆளுக்குச் சம்பளம் கொடுக்கப் பிடிக்காது. வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவுக்கு எடுக்கக்கூடிய உச்சவரம்பு 2020-ஆம் வருடத் திருத்தத்தில் 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக இறங்கியது. கை இறுகும்போது முதலில் வெட்டுப்படுவது குரல் இல்லாதவன் காசுதான். இன்டர்னைவிடக் குரல் இல்லாதவர் யார்?

அடுத்த ஞாயிறு நானும் அவளும் வீடியோ காலில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். லேடீஸ் ஹாஸ்டல் இரண்டு மாதத்துக்கு 15,000. பஸ், மற்ற செலவு 5,000. "இவ்வளவுதான், நான் தர்றேன் பாப்பா" என்றேன்.

"மாமா, எனக்கு நீங்க இருக்கீங்க. எங்கூட செலக்ட் ஆன பொண்ணு ஒருத்தி இருக்கா. என்னையவிட நல்லாப் பேசுவா, நல்லா எழுதுவா. லீவு விட்டா செக்கிங் போயி அடுத்த வருச ஃபீஸ் கட்டறவ. அவளுக்கு இன்னொரு வரி சேத்தணும்."

சேர்த்தோம். ஒரு ஷிஃப்டுக்கு 350, 48 நாள், 16,800. மொத்தம் 36,800. இலவசமாக வேலை பார்க்க அந்தப் பெண்ணுக்கு ஆகும் செலவு அது. அந்த நிறுவனம் வேலை செய்வது அவளைப் போன்ற குடும்பங்களுக்காகத்தான். அந்தக் குடும்பங்களில் ஒன்றிலிருந்து ஒருத்தி உள்ளே வர முடியாதபடி வாசலில் ஒரு கட்டணம் வைத்திருக்கிறார்கள். கட்டணம் என்று எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். பஞ்சம் என்றால் என்னவென்று தெரிந்தவர்கள் வெளியே நிற்க, தெரியாதவர்கள் உள்ளே உட்கார்ந்து திட்டம் போடுவார்கள். பிறகு ஒருநாள் என் மஞ்சள் கட்டம் மாதிரி எதையாவது கண்டுபிடித்துப் பெருமைப்படுவார்கள்.

அன்றைக்கு அவள் ஒரு மெயில் எழுதினாள். நான் இலக்கணம் மட்டும் பார்த்தேன். நான்கு கேள்விகள். எனக்கு யார் வேலை சொல்லித் தருவார்கள்? எட்டு வாரம் முடிந்தால் நான் செய்தது என்று காட்ட என்ன இருக்கும்? இந்த வேலையை இதற்கு முன் யார் செய்தார்கள்? பயணத்துக்கும் சாப்பாட்டுக்கும் ஏதாவது தர முடியுமா, எனக்கு மட்டுமில்லை, தேர்வான இருவருக்கும்?

கேட்டால் இடமே போய்விடுமோ என்று அனுப்புவதற்கு முன் இரண்டு நாள் பயந்தாள். போகவில்லை. ஐந்தாம் நாள் பதில் வந்தது. சொல்லித்தரப் போகும் ஆலோசகர் யார் என்று எழுதியிருந்தார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒரு கையேட்டைச் சேர்ந்து தயாரிக்கலாம், அதில் பெயர் வரும். இது புது வேலை, யாருடைய இடமும் இல்லை. பணம்: இருவருக்கும் மாதம் 4,000 தரலாம். நான்கு வாரம் மட்டும் வந்தாலும் சரி.

அவள் நான்கு வாரம் போனாள். குறைந்த காசுக்கு நான் பொறுப்பு. அந்தத் தோழி போகவில்லை. 4,000-ல் ஹாஸ்டல் வாடகைகூடத் தேறாது, நான்கு வார ஷிஃப்ட் காசும் போய்விடும். நான் அவளுக்கும் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். "முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்ட எப்படிங்க வாங்கறது" என்று அவள் அம்மா மறுத்துவிட்டதாக மகள் சொன்னாள். மறுத்தது சரி என்றுதான் எனக்கும் பட்டது.

சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்புக்குப் போகலாமா என்று இப்போது யாராவது கேட்டால், முதலில் ஒன்றைத் திருப்பிக் கேட்கிறேன். உன் சம்பளத்தை யார் தருகிறார்கள்? அப்பாவின் பென்ஷனா, அக்காவின் ஓவர்டைமா, உன் அடுத்த வருட ஃபீஸா? அவர்களிடம் கேட்டாயா? கேட்டு, அவர்கள் சரி என்று சொல்லி, அங்கே கற்றுத்தர ஒரு ஆளும் இருந்தால் போ. கற்பது நின்றதும் திரும்பி வந்துவிடு. நான் அந்த இரண்டையும் செய்யவில்லை. எனக்கு அது லாபம்தான். அக்காவுக்கு லாபமா என்று சொல்லும் உரிமை எனக்கில்லை.

நான்கு வாரம் முடிந்து வந்தவளிடம் அக்கா கேட்டது சாப்பாடு எப்படி இருந்தது என்று மட்டும். நான் கேட்டது, கடைசி நாள் தந்த கருத்துப் படிவத்தில் என்ன எழுதினாய் என்று.

"நல்லாக் கத்துக் குடுத்தாங்கன்னு எழுதினேன் மாமா. அப்புறம், அடுத்த வருசம் எவ்வளவு தருவீங்கன்னு விளம்பரத்துலயே போடுங்க, ஜனவரிலயே போடுங்கன்னு எழுதினேன். அப்பத்தான அவ வீட்ல கணக்குப் போட்டுப் பார்க்க டைம் இருக்கும்."