காயத்தை மறைக்காத சமாதானம்



பயிற்சி முகாம்களில் எங்களைப் பார்த்து நீங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "அண்ணே, இவ்வளவு அடி வாங்கியும் எப்படி ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலுக்குப் போறீங்க? ஜெபம் பண்ணினா மனசு அமைதியாயிடும். அப்புறம் யார் போராடுவா?" நியாயமான கேள்வி. தலித் கிறிஸ்தவர்களாகப் பிறந்து உரிமைக்களத்தில் நிற்கும் நாங்கள் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

'சமாதானம்' என்ற சொல்லை இரண்டு இடங்களில் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஒன்று கோயில். பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்வோம். இன்னொன்று தாலுகா அலுவலகம். காலனிக்குள் புகுந்து அடித்துவிட்டுப் போன சில நாளில் 'சமாதானக் கூட்டம்' போடுவார்கள். "ஒரே ஊர்ல இருக்கணும்ல, கேஸை வாபஸ் வாங்கிட்டு சமாதானமாப் போங்க" என்பார்கள். தலை உடைந்தவருக்குக் கட்டுகூடப் பிரித்திருக்காது. மனு வாங்கியவர்களுக்கு அதோடு வேலை முடிந்தது. காலனியில் அன்று இரவும் யாரும் தூங்கமாட்டார்கள்.

எங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. காவல் நிலையத்தில் சாதிச் சான்றிதழ் கேட்பார்கள். தமிழ்நாட்டில் தலித் கிறிஸ்தவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறோம். அதனால் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் எங்களுக்குக் கைகொடுக்காது. சாதியைச் சொல்லித்தான் அடிக்கிறார்கள், ஆனால் வழக்கு எழுதும்போது அந்தச் சாதி காணாமல் போய்விடுகிறது. 1950 ஆகஸ்ட் 10 அன்று வெளியான குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்திதான் இதற்குக் காரணம். 1956இல் சீக்கியர்களுக்கும் 1990இல் பௌத்தர்களுக்கும் அந்த ஆணை திருத்தப்பட்டது. பட்டியல் சாதித் தகுதியை மதத்தோடு கட்டிவைக்கக் கூடாது என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் சொன்னது. 2023இல் தமிழ்நாடு சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. ஒவ்வொரு ஆகஸ்ட் 10ஆம் தேதியும் கருப்புக்கொடி பிடிக்கிறோம். எங்கள் தாத்தாக்கள் போட்ட மனுவையே பேரப்பிள்ளைகளும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, கோயிலாவது நிம்மதி தந்ததா? அங்கேயும் கல்லறைத் தோட்டத்தில் சுவர் இருந்தது. எங்கள் தெருவுக்குள் தேர் வராத ஊர்கள் இருந்தன. எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் சம உரிமை கேட்டதற்காக 2008 மார்ச்சில் அவர்களுடைய வீடுகள் தாக்கப்பட்டன. அந்தக் கலவரத்தில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் இரண்டு உயிர்கள் போயின. மதம் மாறியவர்களின் சாதியைத் திருச்சபை ஒழிக்கவில்லை என்று அண்ணல் அம்பேத்கர் வைத்த விமர்சனத்தை நாங்கள் மறுக்கவில்லை. திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில் ஒப்புக்கொண்டது.

அப்படியிருந்தும் ஏன் விசுவாசத்தை விடவில்லை? எரேமியா தீர்க்கதரிசி, தன் காலத்துக் குருக்களையும் தீர்க்கதரிசிகளையும் ஒரு காரணத்துக்காகத் திட்டுகிறார். மக்களின் காயத்துக்கு மேலோட்டமாக மருந்து போட்டுவிட்டு, எல்லாம் சமாதானம் என்று அவர்கள் சொல்கிறார்களாம். தாலுகா அலுவலகக் கூட்டத்துக்குப் போய்வந்த யாருக்கும் இந்தக் கோபம் புரியும். இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒருவர் எங்கள் பக்கம் நின்று பேசுவது போலிருக்கும்.

யோவான் நற்செய்தியின் இருபதாம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இயேசுவைக் கொன்றுவிட்டார்கள். அடுத்து நம்மைத் தேடி வருவார்களோ என்று சீடர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்கிறார்கள். அடிவாங்கிய இரவில் காலனி எப்படி இருக்குமோ, அப்படி. அந்தப் பூட்டிய அறைக்குள் இயேசு வந்து நின்று சமாதானம் சொல்கிறார். சொன்ன கையோடு தன் கைகளையும் விலாவையும் காட்டுகிறார். ஆணி அடித்த தழும்பும் ஈட்டி குத்திய இடமும் அப்படியே இருக்கின்றன. அடுத்து, அவர்களை வெளியே அனுப்பப் போவதாகச் சொல்கிறார். எட்டு நாள் கழித்து மறுபடி வருகிறார். அப்போதும் கதவு பூட்டித்தான் இருக்கிறது. பயம் ஒரே நாளில் போய்விடாது என்று தெரிந்தவர்போல, கோபப்படாமல் திரும்பவும் சமாதானம் சொல்கிறார்.

எங்களுக்கு வேண்டிய சமாதானம் இதுதான். இதில் யாரும் காயத்தை மூடச் சொல்லவில்லை, புகாரைத் திரும்பப் பெறச் சொல்லவில்லை.

இது வெறும் வியாக்கியானம் இல்லை. எங்கள் பகுதியில் ஓர் அடிதடி வழக்கில் சாட்சி சொல்ல வேண்டிய அக்கா ஒருவர் இருந்தார். விசாரணைக்கு முந்தைய வாரம் முழுக்க மிரட்டல். "நான் போகல" என்று அழுதார். வக்கீல் பேசியும் நாங்கள் பேசியும் தேறவில்லை. அன்று இரவு தெருப் பெண்கள் பத்துப் பேர் அவர் வீட்டில் உட்கார்ந்து ஜெபம் செய்தார்கள். பெரிய ஜெபம் இல்லை. நடந்ததை ஒவ்வொன்றாக ஆண்டவரிடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னார்கள், அழுதார்கள், பிறகு அங்கேயே பாய் விரித்துப் படுத்துக்கொண்டார்கள். காலையில் எல்லோரும் ஒரே பஸ்ஸில் நீதிமன்றம் போனார்கள். அக்கா கூண்டில் ஏறி, யார் அடித்தார்கள் என்று கை நீட்டிக் காட்டினார். வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் "அன்னைக்கு ராத்திரிதான் ரொம்ப நாள் கழிச்சுத் தூங்கினேன்" என்று அவர் இன்றும் சொல்வார்.

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பாடம் எடுத்த தியாபிலஸ் அப்பாவு, 'பரட்டை அண்ணன்' என்று எல்லோரும் அழைத்தவர், இதைத்தான் வேறு வழியில் சொல்லிக்கொடுத்தார். கிராமிய இசையையும் பறையையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். ஒரே உலையில் சமைத்து எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவதை இறையியலாகவே பேசினார். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடாதவரோடு என்ன சமாதானம்?

கடவுள் நம்பிக்கை இல்லாத தோழர்கள் உங்களில் பலர். உங்களை ஜெபத்துக்குக் கூப்பிட இதை எழுதவில்லை. பெரியார் வழியோ, பௌத்தமோ, பாட்டோ, நண்பர்களோ, உங்களைத் தாங்குவது எதுவாகவும் இருக்கலாம். ஆனால் ஏதாவது ஒன்று தாங்க வேண்டும். கோபத்தை மட்டும் வைத்துக்கொண்டு இந்த வேலையில் பத்து வருடம் தாக்குப்பிடிப்பது கடினம். நல்ல பிள்ளைகள் பலர் உடைந்துபோய் ஒதுங்கியதை நாங்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம். தூக்கம் வராத இரவில் தனியாக இருக்காதீர்கள், யாரையாவது கூப்பிடுங்கள். எங்கள் தெருவுக்கு வந்தால் பாயும் கஞ்சியும் உண்டு.

உங்களைத் தாங்குவது எதுவானாலும் அதனிடம் ஒரு கேள்வி மட்டும் கேட்டுப் பாருங்கள்: அது உங்கள் காயத்தை மூடச் சொல்கிறதா, காட்டச் சொல்கிறதா? காட்டச் சொன்னால், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 10 அன்று தெருவில் சந்திப்போம்.