ராஜா கொடுத்த தங்கச் சாவி

அடியே,

உன் கடிதம் கிடைத்தது. அந்தப் பெரிய மனுஷர் வீட்டு விசேஷத்துக்குப் போகாவிட்டால் உன் புத்தகத்துக்கு முன்னுரை கிடைக்காது என்று புலம்பியிருக்கிறாய். போவதும் போகாததும் உன் இஷ்டம். நான் ஒரு பழைய வம்பைச் சொல்கிறேன், கேள்.

பிரெஞ்சு எழுத்தாளர் வோல்ட்டேர் ஒன்றும் பஞ்சைப் பராரி இல்லை. பாரிஸில் அரசாங்கம் நடத்திய லாட்டரியில் கணக்கு இடிப்பதை ஒரு கணித நண்பர் கண்டுபிடிக்க, கூட்டாகச் சீட்டுகளை வாங்கிக் குவித்துப் பெரும்பணம் பார்த்தவர். யார் வாசலிலும் நிற்க வேண்டியதில்லை. அப்படியும் 1750-இல் பிரஷ்யா ராஜா ஃபிரெடரிக் கூப்பிட்டதும் போட்ஸ்டாமுக்கு ஓடினார். வருஷத்துக்கு 20,000 லிவர், அரண்மனையில் ஜாகை, பதக்கம், பதவிக்கு அடையாளமாக ஒரு தங்கச் சாவி. வேலை? ராஜா பிரெஞ்சில் எழுதும் கவிதைகளைத் திருத்துவது!

பணத்துக்காகப் போனார் என்றால் நான் நம்ப மாட்டேன். ஊரையே நடுங்க வைக்கிறவன் நம் பேச்சைக் கேட்டுத் தலையாட்ட வேண்டும். அந்த ருசி பணக்காரனையும் விடாது.

அப்புறம் ஒரே கூத்து. சாறு பிழிந்ததும் ஆரஞ்சுத் தோலை எறிந்துவிடலாம் என்று ராஜா சொன்னதாக ஒருவர் வந்து காதில் போட்டார். இவர் மட்டும் சும்மாவா? ராஜா கவிதையைத் திருத்துவது அழுக்குத் துணி வெளுப்பது என்றாராம். பெர்லின் அகாதெமித் தலைவரைக் கிண்டலடித்து நூல் வேறு போட்டார். 1752 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் அதை நடுத்தெருவில் கொளுத்தினார்கள்.

மறுவருஷம் கிளம்பியவரைப் பிராங்பர்ட்டில் மடக்கினார்கள். அது ராஜாவின் ஊர்கூட இல்லை! ராஜாவின் கவிதைப் புத்தகத்தைத் திருப்பிக் கொடு என்று காவல் போட்டார்கள். புத்தகம் வந்த பிறகும் விடவில்லை. துணைக்கு வந்த அக்கா மகளுக்கும் அதே கதி.

பிறகு ஃபெர்னேயில் நிலம் வாங்கினார். பிரான்சுக்குள்தான், ஆனால் விரட்டினால் ஜெனிவா எட்டும் தூரம். அங்கே கடிகாரம் செய்ய ஆள் வைத்து, ரஷ்ய ராணி கேத்தரினுக்கே விற்றார். அவளுக்கு எழுதிய கடிதங்களில் முகஸ்துதி குறைந்ததா என்றால், அதுதான் இல்லை. ஃபிரெடரிக்கோடும் ராசியாகி, 1778-இல் சாகும்வரை கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். நேரில் மட்டும் போகவே இல்லை.

அந்த அக்கா மகள் விவகாரம் எழுத்தில் வைக்கக்கூடியதில்லை. தீபாவளிக்கு வா, சொல்கிறேன்.