எங்கே இருக்கிறாய்?

நுழையும்முன்

அன்புடையோர் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் மிகப் பழைய கேள்விகளுள் ஒன்று, ‘எங்கே இருக்கிறாய்?’ என்பது. அதைக் கேளாமலேயே விடையைப் பெற்றுவிடும் கருவிகள் இன்று நம் கையில் இருக்கின்றன. அவ்வாறு பெறும் விடையால் நாம் அடைவது என்ன, இழப்பது என்ன என்பதை எண்ணிப் பார்க்கிறது இக்கட்டுரை.

மலையேறிய செய்திகள்

போடிநாயக்கனூரில் பிறந்தவர்களுக்கு மேற்குத் திசை என்றால் மலை. முந்தலைக் கடந்து பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் போடிமெட்டு. கொச்சி – தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலை அங்கேதான் இரு மாநிலங்களின் எல்லையைக் கடக்கிறது. அதற்கு அப்பால் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என ஏலத்தோட்டங்கள் விரிந்து கிடக்கின்றன. தோட்டம் அங்கே, வீடு இங்கே என்பதே எங்கள் ஊர்க் குடும்பங்கள் பலவற்றின் வாழ்க்கை. மேலே விளைந்த காய், மலையிறங்கி வந்து எங்கள் ஊர் ஏல மையத்தில் விலைபோகும்.

என் தந்தையார் திங்கட்கிழமை தோட்டத்துக்கு ஏறினால் சனிக்கிழமைதான் இறங்குவார். இடைப்பட்ட நாள்களில் அவரைப் பற்றிய செய்தி, ஜீப் ஓட்டுநர் வாயிலாக வந்தால் உண்டு. “ஐயா நல்லா இருக்காங்கம்மா. காய் எடுப்பு இன்னும் முடியலையாம், ரெண்டு நாள் கழிச்சுத்தான் வருவாங்களாம்” என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போவார். மழைக்காலத்தில் மண்சரிந்து சாலை அடைபட்டால் அந்தச் செய்தியும் இராது. அம்மா பகலெல்லாம் வழக்கம்போல் வேலை பார்ப்பார்; இரவில் வாசல் விளக்கை மட்டும் அணைக்கமாட்டார். அந்த நாள்களைப் பொற்காலம் என்று நான் போற்றமாட்டேன். செய்தி தெரியாத இரவுகளின் சுமை முழுவதும் வீட்டிலிருந்த பெண்களின் தோளில்தான் இறங்கியது.

இன்று விடியும் முன்பே ஜீப்புகளில் மலையேறும் பெண் தொழிலாளர் பலரிடம் கைபேசி இருக்கிறது. பிள்ளை சாப்பிட்டதா, பள்ளிக்குப் புறப்பட்டதா என்று தோட்டத்திலிருந்தே கேட்டறிகிறார்கள். இது பெரும்பேறு. ஆனால், இந்தப் பேற்றுடன் இன்னொன்றும் சேர்ந்தே வந்திருக்கிறது. மெட்டை நெருங்கும்போது கைபேசி தமிழ்நாட்டுக் கோபுரத்தை விட்டுக் கேரளக் கோபுரத்தைப் பற்றிக்கொள்ளும். சிறிது தொலைவு நகர்ந்தால் மீண்டும் மாறும். எல்லைப் பலகையைப் பார்த்து நாம் மாநிலத்தை அறிகிறோம். கைபேசியைக் கொண்டு கோபுரம் நம்மை அறிகிறது. அழைப்பு விவரப் பதிவுகளைத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் குறைந்தது 2 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் உரிம விதி திருத்தப்பட்டது. ஜீப் ஓட்டுநர் சொன்ன செய்தி அன்றிரவே மறந்துபோனது. கோபுரத்தின் நினைவு அவ்வாறு மறைவதில்லை.

கணினி எவ்வாறு அறிகிறது?

மெட்டில் உள்ள சிறிய வீட்டில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுவது என் வழக்கம். மூடுபனி சன்னலை மறைத்திருந்த ஒருநாள், திரையின் மூலையில் சென்னையின் வெயில் அளவு தெரிந்தது. அக்கம்பக்கத்தில் சுற்றுலாப் பயணியருக்கான விடுதிகள் எழுந்தபின், அதே கணினி நான் இருக்கும் சாலையையே வரைபடத்தில் சுட்டிக்காட்டியது. செயற்கைக்கோள் குறிப்புகளை வாங்கும் கருவி எதுவும் அதற்குள் இல்லை. பின் எப்படி அறிந்தது?

முதல்நாள் அது நம்பியது, இணைய இணைப்புக்குரிய ஐ.பி. எண்ணை. அந்த எண் எந்த நிறுவனத்துக்கு உரியது, எந்த நகரத்தோடு தொடர்புடையது என்பதைக் கொண்டு ஊரை ஊகித்தது, ஊகம் பிழைத்தது. பின்னர் அது நம்பியது, சுற்றியிருந்த வைஃபை கருவிகளை. அவை ஒவ்வொன்றும் தனக்குரிய அடையாள எண்ணை இடைவிடாமல் அறிவித்துக்கொண்டிருக்கும். அந்த எண்களையும் அவற்றின் அலைவலிமையையும் கணினி திரட்டித் தொலைவிலுள்ள ஒரு சேவைக்கு அனுப்புகிறது. எந்த எண் எந்தத் தெருவில் ஒலிக்கிறது என்பதை, அவ்வழியே சென்ற கைபேசிகளின் வாயிலாக அச்சேவை முன்பே தொகுத்து வைத்திருக்கிறது. பக்கத்து வீடுகளின் கருவிகளைச் சாட்சியாகக் கொண்டு என் இருப்பிடம் உறுதி செய்யப்பட்டது. சாட்சி சொன்னவர்களுக்கும் அது தெரியாது.

வானிலிருந்து செயற்கைக்கோள்கள் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன என்று பலர் எண்ணுகின்றனர். ஜி.பி.எஸ். ஆயினும், இந்தியாவின் நாவிக் ஆயினும், அவற்றின் செயற்கைக்கோள்கள் தாம் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் அறிவிப்பதோடு சரி. கீழே உள்ள கருவிதான் அவற்றைக் கேட்டுக் கணக்கிட்டுத் தன் இடத்தை அறிகிறது. கலங்கரை விளக்கம் கப்பலைப் பார்ப்பதில்லை. கப்பல்தான் விளக்கைப் பார்த்து வழியறிகிறது. சிக்கல் அடுத்த படியில் தொடங்குகிறது. தன் இடத்தை அறிந்துகொண்ட கருவி அதை யாரிடம் சொல்கிறது? எத்தனை முறை சொல்கிறது? கேட்டவர் அதை எவ்வளவு காலம் வைத்திருப்பார்?

அண்ணன் மகளின் கேள்வி

என் அண்ணன் மகள் கோயம்புத்தூரில் பொறியியல் படிக்கிறாள். அவள் கல்லூரியில் சேர்ந்ததும் அண்ணன் அவளுடைய கைபேசியிலும் மடிக்கணினியிலும் இருப்பிடம் காட்டும் வசதியை இயக்கி, அதைத் தம் கைபேசியில் பார்க்குமாறு அமைத்துக்கொண்டார். ஒருநாள் மாலை அவள் தோழியுடன் புத்தகக் கடைக்குச் சென்றாள். கடைப்படி ஏறும் முன்பே அழைப்பு வந்தது: “அங்க உனக்கு என்ன வேலை?”

விடுமுறைக்கு வந்தவள் என்னிடம் கேட்டாள்: “அத்தை, நான் எங்க போனாலும் அப்பாகிட்டச் சொல்லத்தான் செய்யறேன். இப்ப நான் சொல்றதுக்கு முன்னாடியே அவருக்குத் தெரிஞ்சுபோகுது. அப்புறம் நான் உண்மை சொல்றதுக்கு என்ன மதிப்பு இருக்கு?”

அண்ணனிடம் பேசினேன். அவர் வாதம் எதுவும் செய்யவில்லை. குரங்கணி என்ற ஒரு சொல்லைத்தான் சொன்னார். போடியிலிருந்து பார்த்தால் தெரியும் மலை அது. 2018 மார்ச் 11 அன்று அங்கே பரவிய காட்டுத்தீயில் சிக்கி, மலையேற்றம் சென்றவர்களுள் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். “அன்னைக்கு அந்தப் பிள்ளைங்களைத் தேடி ராத்திரி முழுக்க மலையில அலைஞ்சாங்களேம்மா…” என்று தொடங்கியவர், சொல்லி முடிக்கவில்லை.

இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. இருப்பிடம் அறிதல் உயிர்காக்கும் என்பதை யாரும் மறுக்க இயலாது. கைபேசிகளில் அவசர அழைப்புப் பொத்தான் வேண்டும் என்றும், 2018 முதல் செயற்கைக்கோள்வழி இடமறியும் வசதியும் வேண்டும் என்றும் மத்திய அரசு 2016இல் விதி வகுத்தது இந்த நோக்கத்தோடுதான். ஆயினும், ஆபத்துக்காலத்து வசதி அன்றாடக் காவலாக மாறலாமா? வீட்டில் தீயணைப்புக் கருவி வாங்கி வைக்கிறோம். அதற்காகத் தீயணைப்பு வீரரை அடுப்பங்கரையில் குடியமர்த்துவதில்லை.

நெடுநேரம் பேசியபின் ஓர் உடன்பாடு பிறந்தது. இரவுப் பேருந்திலும் மலையேற்றத்திலும் அவளே இருப்பிடத்தைப் பகிர்வாள், சேர்ந்ததும் நிறுத்திவிடுவாள். மற்ற நாள்களில் அவர் கேட்பார், அவள் சொல்வாள். முதல் வாரம் அண்ணன் அடிக்கடி கைபேசியை எடுத்து, மகள் இல்லாத வரைபடத்தைப் பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டதை நான் கண்டேன். பிறகு இரவு ஒன்பது மணிக்கு அவரே அழைக்கத் தொடங்கினார். எந்தக் கடையில் நின்றாள் என்பதை முன்பு அறிந்தவருக்கு, அங்கே என்ன புத்தகம் வாங்கினாள் என்பது இப்போது தெரிகிறது.

கொடுத்த கணினியும் பார்த்த கண்ணும்

குடும்பத்துக்குள் பேசித் தீர்க்கலாம். நிறுவனம் பார்க்கும்போது என் செய்வது? அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லோயர் மேரியன் பள்ளி மாவட்டம் தன் மாணவர்களுக்கு மடிக்கணினிகளை வழங்கியது. காணாமற்போனால் கண்டுபிடிப்பதற்காக ஒரு மென்பொருள் அவற்றில் இருந்தது. அதை இயக்கினால் கணினியின் இணைய முகவரி பதிவாகும். கணினியின் ஒளிப்படக்கருவி முன்னால் இருப்பவரையும் படமெடுக்கும். தன் வீட்டு அறையில் இருந்தபோது இவ்வாறு எடுக்கப்பட்ட படத்தைக் கொண்டு பள்ளி தன்னிடம் விளக்கம் கேட்டதாக ஒரு மாணவர் 2010 பிப்ரவரியில் வழக்குத் தொடுத்தார். பல்லாயிரக்கணக்கான படங்கள் எடுக்கப்பட்டது பின்னர் வெளிவந்தது. அதே ஆண்டு அக்டோபரில் 6,10,000 டாலருக்கு வழக்குகள் சமரசமாயின. திருட்டைத் தடுக்க இட்ட வேலி, பயிரை மேய்ந்த கதை இது.

தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கப்பட்டது. ஏலத்தோட்டத் தொழிலாளர் வீடுகள் பலவற்றுக்குள் முதல் கணினி நுழைந்தது அப்படித்தான். அது கல்வியின் வாசலைத் திறந்தது. வாசல் இருபுறமும் திறக்கும் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது நம் கடமை.

பெயர் சுட்டாத மரபு

‘ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லாதவர் ஏன் அஞ்ச வேண்டும்?’ என்று சிலர் கேட்பர். நம் மாட்டுச் சந்தைகளில் விலை பேசுவோர் துண்டுக்குள் கைகோத்து, விரல்களைத் தொட்டு விலை கூறுவதைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் திருடர் அல்லர், நாணயமான வணிகர்கள். பலர் கூடிய இடத்திலும் இருவருக்கு மட்டும் உரிய ஒரு சிறு வெளி தேவை என்பதை அறிந்தவர்கள்.

தமிழ் இலக்கணமும் இதை அறிந்திருந்தது. அகத்திணைப் பாடல்களில் மாந்தரின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்று தொல்காப்பியம் விதிக்கிறது. காதலும் பிரிவும் பாடப்படலாம். பாடப்படுபவர் இன்னார் என்பது வெளிப்படலாகாது. பெயரை நீக்கினால் ஆளை மறைக்கலாம் என்பது அன்றைய நிலை. இன்றோ அது போதாது. 15 லட்சம் பேரின் 15 மாதக் கைபேசித் தரவுகளை ஆராய்ந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வு, இடமும் நேரமும் குறித்த நான்கு புள்ளிகள் கிடைத்தால் 95 விழுக்காட்டினரைத் தனித்துப் பிரித்தறிய முடியும் என்று காட்டியது. விடியலில் முந்தல், காலையில் பூப்பாறையில் ஒரு தோட்டம், மாலையில் போடி ஏல மையம், இரவில் ஒரு தெரு என்று நான்கு இடங்களைச் சொன்னால், பெயர் சொல்லாமலேயே எங்கள் ஊரார் ஆளைச் சொல்லிவிடுவர். ஒருவர் எந்த மருத்துவரிடம் செல்கிறார், எந்தக் கோயிலில் வணங்குகிறார், எந்தக் கூட்டத்தில் அமர்கிறார் என்பவை எல்லாம் அவர் சென்ற இடங்களின் வரிசைக்குள்ளேயே இருக்கின்றன. இடம் என்பது வெறும் இடமன்று. அது வாழ்க்கையின் சுருக்கம்.

சட்டத்தின் எல்லை

தனியுரிமை அரசமைப்பு வழங்கும் அடிப்படை உரிமை என்று, கே.எஸ்.புட்டசாமி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். பிணையில் விடப்பட்ட ஒருவர், தம் இருப்பிடத்தைக் கூகுள் வரைபடம் வாயிலாக விசாரணை அதிகாரிக்குக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையை 2024 ஜூலை 8 அன்று அதே நீதிமன்றம் நீக்கியது. குற்றம் சாட்டப்பட்டவரையும் இடையறாது பின்தொடர்தல் ஆகாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உங்களைப் பற்றியும் பேசுகிறது. பதினெட்டு வயது நிறையாதோரைப் பின்தொடர்வதையும், அவர்களின் நடத்தையைக் கண்காணிப்பதையும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் அது நிறுவனங்களுக்குத் தடை செய்கிறது. அதில் விலக்குகளும் உண்டு. அரசுக்கு அளிக்கப்பட்ட விலக்குகள் மிகையானவை என்ற விமரிசனமும் உண்டு. தனிப்பட்ட, குடும்பத் தேவைக்காகத் தனிமனிதர் கையாளும் தரவுகள் அதன் வரம்புக்குள் வருவதில்லை. ஆகவே, தந்தைக்கும் மகளுக்கும் இடையே அச்சட்டம் நுழையாது. அங்கே நம்பிக்கைதான் சட்டம்.

மாணவர்களே, உங்கள் கைபேசியிலும் கணினியிலும் அமைப்புகள் என்னும் பகுதியைத் திறந்து, இருப்பிடம் கேட்கும் செயலிகளின் பட்டியலை ஒருமுறை படித்துப் பாருங்கள். வழிகாட்டும் வரைபடத்துக்கு உங்கள் இடம் தேவை. கைவிளக்குச் செயலிக்கு எதற்கு? விளையாட்டுக்கு எதற்கு? காரணம் சொல்ல இயலாததை நிறுத்துங்கள். காரணம் உள்ளதையும், பயன்படுத்தும்போது மட்டும் என்று வரையறுங்கள். ஆபத்தில் யார் உங்களைத் தேடி வருவார்களோ, அவர்களுக்கு நீங்களாகவே இடத்தைச் சொல்லுங்கள்.

‘எங்கே இருக்கிறாய்?’ என்பது அன்பின் கேள்வி. கேள்வி என்றால் கேட்பவர் ஒருவர் வேண்டும். விடை சொல்பவரும் ஒருவர் வேண்டும். விடை சொல்லும் அந்த உரிமையைக் கருவிகளிடம் முழுவதுமாக ஒப்படைத்துவிடாதீர்கள்.