பழமலையும் பீங்கானும்

விருத்தாசலம் என்றதும் தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு ரயில்தான் ஞாபகம் வரும். ராத்திரி வண்டியில் தெற்கே போகிறவர்கள் நடுவில் கண் விழித்து, "எந்த ஸ்டேஷன்?" என்று கேட்பார்கள். "விருத்தாசலம்" என்று பதில் வந்ததும் போர்வையை இழுத்து மூடிக்கொள்வார்கள். ஜங்ஷன்களின் தலையெழுத்தே இதுதான். எல்லோரும் வருவார்கள், இறங்குகிறவர்கள் கொஞ்சம்.

நான் இறங்குகிறவன். என் சின்ன அக்காளை அந்த ஊரில்தான் கொடுத்திருக்கிறது. இருபது வருஷத்துக்கும் மேலாகப் பொங்கலுக்குச் சீர், தீபாவளிக்குச் சீர், காரணமில்லாத சில சண்டைகளுக்குப் பஞ்சாயத்து என்று போய்வந்துகொண்டிருக்கிறேன். அதனால் அந்த ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல எனக்குப் பாத்தியதை உண்டு என்று நினைக்கிறேன்.

முதலில் பெயரைப் பாருங்கள். விருத்தம் என்றால் முதுமை. அசலம் என்றால் அசையாதது, அதாவது மலை. தேவாரக்காரர்களுக்கு அது திருமுதுகுன்றம். ஊரார் வாயில் பழமலை. ஆகப் பெயருக்குப் பெயர் மலை இருக்கிறது. ஊரில் மலை எங்கே என்று கேட்டால், கோயிலுக்குள் அழைத்துப்போய்க் காலுக்குக் கீழே காட்டுவார்கள். மலைகளுக்கெல்லாம் மூத்த மலை இதுதானாம்; மூப்பு முற்றி மண்ணுக்குள் அமிழ்ந்துவிட்டதாம். சுற்றுவட்டாரத்தில் கண்ணுக்கு எட்டிய மட்டும் சமவெளி. முந்திரித் தோப்பும் கடலைக் கொல்லையும் செம்மண்ணுமாக விரிந்து கிடக்கிறது. நிமிர்ந்து நிற்பவை கோயில் கோபுரங்கள்தான்.

மலை உள்ளே போன கதையை நம்பச் செய்வது போல, கோபுர வாசலைத் தாண்டியதும் ஆழத்துப் பிள்ளையார் இருக்கிறார். எல்லா ஊரிலும் படியேறிச் சாமி பார்க்கிறோம். இங்கே படியிறங்கிப் பார்க்கவேண்டும். எனக்கு அந்தப் பிள்ளையாரிடம் தனி மரியாதை. உயரத்தில் உட்கார்ந்தால்தான் மதிப்பு என்ற உலக வழக்கத்தை அவர் லட்சியம் செய்யவில்லை.

முதுமை என்ற பேச்சு சுந்தரரையே தயங்க வைத்ததாக ஊர்க்கதை. மலையும் பழசு, சாமியும் பழசு, அம்மனும் கிழவி, இவர்களைப் பாடி என்ன கிடைக்கப்போகிறது என்று அவர் ஒதுங்கப் பார்த்தாராம். பிறகு பாடினார், 12,000 பொன் கிடைத்தது. வழியில் கள்ளர் பயம். அதனால் பொன்னை இங்கே மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொள்ளும்படி சாமியே யோசனை சொன்னார். 'ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவது' என்று நாம் பரிகாசமாகச் சொல்கிறோமே, அதற்கு மூலம் இதுதான். இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் வேறு. ஆற்றில் போடுமுன் சுந்தரர் அந்தப் பொன்னில் ஒரு துணுக்கை மச்சமாக வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார். குளத்தில் எடுத்ததும் உரைத்துப் பார்த்தார். கொடுத்தவர் கடவுள், இருந்தாலும் சாம்பிள் வைத்துக்கொள்ளாமல் விடவில்லை! பக்தி வேறு, வியாபாரம் வேறு என்று தெரிந்த மனுஷர். இந்தச் சாம்பிள் சமாசாரம் பின்னால் வரும்.

கோயிலைக் கல்லால் எடுத்துக் கட்டியவள் ஒரு விதவை. கண்டராதித்த சோழரின் மனைவி, உத்தம சோழனின் தாய், செம்பியன் மாதேவி. பத்தாம் நூற்றாண்டில் செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக மாற்றிக்கொண்டே போன அந்த அம்மாள் இந்த ஊரையும் விடவில்லை. பிறகு காடவர்கள் வந்து தங்கள் பெயரையும் கல்லில் வெட்டிக்கொண்டார்கள். அந்தக் கற்சுவரின் ஒரு மாடத்தில் இருந்த அர்த்தநாரீசுவரர் சிலை திருட்டுப் போய், 2004-ல் ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்து அரசுக் கலைக்கூடம் ஒன்றில் விலைக்கு வாங்கப்பட்டு நின்றது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்த பழைய புகைப்படத்தை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் அது பழமலைக்காரர் என்று கண்டுபிடித்தார்கள். 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டெல்லிக்கு வந்தபோது கையோடு கொண்டுவந்து ஒப்படைத்தார். பொன்னை ஆற்றில் போட்டுக் குளத்தில் எடுத்தவர்கள் நாம். கல்லைச் சுவரில் வைத்துச் சிட்னியில் தேட வேண்டியதாயிற்று.

சரித்திரத்தில் இன்னொரு சம்பவம் பலருக்குத் தெரியாது. இந்தக் கோயில் மதில் ஒரு காலத்தில் கோட்டையாக இருந்தது. 1751-ல் திருச்சிராப்பள்ளியில் முகம்மதலி முற்றுகையில் கிடந்தபோது, கடலூர் புனித டேவிட் கோட்டையிலிருந்து அவருக்குச் சிப்பாய்களும் சாமான்களும் போயின. கூடப் போனவர்கள் பிகட், கிளைவ் என்ற இரண்டு வெள்ளைக்காரர்கள். படையை விருத்தாசலம் வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, ஒரு டஜன் சிப்பாய்களோடு திரும்பும்போது இந்தப் பக்கத்துப் பாளையக்காரரின் ஆட்கள் வழிமறித்துச் சுட்டார்கள். சிப்பாய்கள் பலர் செத்து விழுந்தார்கள். வெள்ளைக்காரர் இருவரும் குதிரையின் கால் வேகத்தால் பிழைத்தார்கள். அதற்குப் பிறகு சில வாரங்களில் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்தான். மேலே நடந்தது பள்ளிக்கூடப் புஸ்தகத்தில் இருக்கிறது. பிகட் சென்னைக் கவர்னராகி, தன் சகாக்களாலேயே சிறைப்பட்டு 1777-ல் செத்தான். இந்தச் செம்மண் சாலையில் அன்று ஒரு குதிரை இடறியிருந்தால் என்று நான் யோசித்துப் பார்த்ததுண்டு. கதை எழுதுகிறவனுக்கு இந்த மாதிரி யோசனைகள் சும்மா கிடைப்பவை.

கதை எழுதுகிறவன் என்றதும் நினைவுக்கு வருகிறது. புதுமைப்பித்தனின் சொந்தப் பெயர் விருத்தாசலம். 1906-ல் அவர் பிறந்தது இதே தென்னாற்காட்டுச் சீமையில், திருப்பாதிரிப்புலியூரில். தமிழ்ச் சிறுகதைக்கு ஒரு புதுமையைக் கொடுத்தவருக்கு 'பழைய மலை' என்று பெயர்! இன்றைக்கும் இந்த மண்ணில் எழுத்துக்குக் குறைவில்லை. இமையம் இந்த ஊரில்தான் இருக்கிறார். பக்கத்து மணக்கொல்லைக்காரர் கண்மணி குணசேகரன் நடுநாட்டுப் பேச்சுக்கு ஒரு சொல்லகராதியே போட்டுவிட்டார்.

நடுநாடு என்றால் சோழநாட்டுக்கும் தொண்டை நாட்டுக்கும் நடுவில் உள்ளது. ராஜாக்கள் ஒருவர் மேல் ஒருவர் படையெடுத்துப் போகும்போது மிதிபட்ட நாடு. பிறகு ரயில் வந்தது. விழுப்புரத்திலிருந்து திருச்சிக்குக் குறுக்கு வழியாகப் போட்ட கார்டு லயன் இந்த ஊரைத் தொட்டது. கடலூரிலிருந்து சேலம் போகிற லயனும் இங்கேயே வெட்டிக்கொண்டது. 1993-ல் தென்னாற்காடு இரண்டாகப் பிரிந்தபோது கடலூர் ஜில்லாவில் சேர்ந்தது. தனக்கே ஒரு ஜில்லா வேண்டும் என்று ஊர் கேட்டுக்கொண்டிருக்கிறது. 2006-ல் விஜயகாந்தைச் சட்டசபைக்கு அனுப்பியது. அந்தத் தேர்தலில் அவர் கட்சிக்குக் கிடைத்த ஒரே இடம் இதுதான். 2011 கணக்குப்படி ஜனத்தொகை 70,000-க்கு மேல்.

இனி மண்ணுக்கு வருகிறேன். நெய்வேலி பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரத்துக்குள். அங்கே பழுப்பு நிலக்கரியை எடுக்க மேலே கிடக்கும் மணலையும் களிமண்ணையும் வாரிக் கொட்டவேண்டும். அந்தக் களிமண்ணில் ஒரு ஜாதி, சுட்டால் வெளுக்கும். மணல்மேடு, மண்மேடு என்று தள்ளிவிடாமல், அதைக் கொண்டு பீங்கான் செய்யலாம் என்று யோசித்தவர்கள் புண்ணியவான்கள். சர்க்கார் விருத்தாசலத்தில் செராமிக் தொழிற்பேட்டை வைத்தது. பீங்கான் தொழிலைக் கற்பிக்க ஒரு பாலிடெக்னிக்கும் வந்தது. நம் வீட்டு மீட்டர் பெட்டியில் வெள்ளையாக ஃபியூஸ் கட்டை ஒன்று இருந்ததே, அகல் விளக்கு, கொலு பொம்மை, டீக்கடைக் கப்பு, இவையெல்லாம் இந்த ஊர்ச் சூளைகளிலிருந்து வண்டி ஏறின.

என் அக்காள் புருஷர், அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன், அந்தப் பேட்டையில் ஒரு சின்னக் கொட்டகை வைத்திருக்கிறார். ஆறு பெண்கள் வேலை செய்கிறார்கள். களிமண்ணோடு சேலம், கரூர்ப் பக்கத்து வெள்ளைக் கல்லையும் பளிங்குக் கல்லையும் பொடித்துச் சேர்த்து, உருளைப் பீப்பாயில் கூழாங்கல்லோடு போட்டுச் சுற்றவிட்டுக் கூழாக்குகிறார்கள். கூழைச் சுண்ண அச்சில் ஊற்றினால் அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். மண் ஓரத்தில் தோலாகப் படியும். மிச்சத்தைக் கவிழ்த்துவிட்டால் உள்ளே பொள்ளலாக ஒரு பிள்ளையார் நிற்பார். ஈரப் பஞ்சால் பிசிர் துடைத்து, காயவைத்து, ஒரு முறை சுட்டு, கிளேஸில் முக்கி, மறுபடி 1,200 டிகிரிக்குப் பக்கம் சுடவேண்டும். 100 மில்லிமீட்டர் அச்சில் வார்த்த பொம்மை வெளியே வரும்போது 90 மில்லிமீட்டர்கூட இருக்காது. "நெருப்புக்குள்ள போயிட்டு வந்தா யாருதான் இளைக்க மாட்டாங்க, மாப்ளே?" என்பார் மாமா.

சூளைக்குள் சூடு எவ்வளவு என்று பார்க்க இப்போது மீட்டர் இருக்கிறது. மாமா மீட்டரை நம்பினாலும், சிறு மண் கூம்புகளை உள்ளே நிறுத்திவைக்கிறார். இன்ன சூட்டுக்கு இன்ன கூம்பு தலை சாயும் என்று கணக்கு. துவாரத்தில் கண்ணை வைத்து, கூம்பு கும்பிடு போட்டதைப் பார்த்த பிறகுதான் நெருப்பைக் குறைப்பார். சுந்தரர் மச்சம் வைத்துக்கொண்ட ஊர் அல்லவா!

ஆனால் அந்தக் கொட்டகைக்கு இப்போது காலம் சரியில்லை. வீடுகளில் ஃபியூஸ் கட்டை போய் எம்.சி.பி. என்கிற விசை வந்துவிட்டது. பொம்மைக்குப் பிளாஸ்டிக்கும் சீனாவும் போட்டி. கார்த்திகைக்கு அகல் விளக்கு ஓடுகிறது. மற்ற பத்து மாசத்துக்கு அகலை யார் வாங்குவார்கள்? சூளைக்கு எரிபொருள் ஏறுகிறது. அகலின் விலையில் வியாபாரி பத்துப் பைசாவுக்கு அரை மணி பேரம் பேசுகிறார். போன தடவை நான் போயிருந்தபோது அக்காள் சொன்னாள்:

"நீயாச்சும் சொல்லுடா தம்பி. கொட்டாய வாடகைக்கு வுட்டுட்டா மாசம் பொறந்தா பணம் வந்துரும். நெருப்புக்கிட்ட நின்னு இந்த மனுஷனுக்குக் கண்ணு போயிருச்சி."

அவள் சொன்னது பொய் இல்லை. மாமாவின் கண்கள் எப்போதும் சிவந்தே இருக்கின்றன. மாமா மறுத்தும் பேசவில்லை, தலையும் ஆட்டவில்லை. பேசினவள் அவர் மகள். அந்தப் பாலிடெக்னிக்கில் படித்து முடித்தவள்.

"மாமா, அம்மாவுக்கு அகல் வெளக்குதான் பீங்கான். மில்லுல நூல் ஓடுதுல்ல, அது தேய்க்காம வழுக்கிப் போக ஒரு வளையம் வைப்பாங்க. பீங்கான்தான். சேலத்துல, திருப்பூர்ல எத்தனை மில்லு இருக்கு? ரயிலு நம்ம வாசல்லதான போவுது."

"செய்யேன், யார் வேண்டாம்னாங்க?" என்றேன்.

"நம்ம சூளை சூடு பத்தாது. அலுமினா 1,600 டிகிரி கேக்கும். வேற சூளை வைக்கணும். பேங்குல கேட்டா வீட்டுப் பத்திரத்தைக் கொண்டாங்கறாங்க."

வீடு அக்காள் பெயரில் இருக்கிறது. எங்கள் அப்பா நகையாகப் போட்டதை விற்று வாங்கிய மனை. அக்காள் என்னைப் பார்த்தாள். பெண்ணும் என்னைப் பார்த்தாள். இந்த மாதிரிச் சமயத்தில் தம்பியாகப் பிறந்தவன் என்ன சொன்னாலும் ஒருத்தி பேச மாட்டாள். வீட்டை வைக்கவேண்டாம், மில்லுக்காரன் ஒருவனிடமாவது முதலில் ஆர்டரை எழுத்தில் வாங்கு, அதுவரை கொட்டகையையும் விடவேண்டாம் என்றேன். என் அபிப்பிராயம் இன்றும் அதுதான். இரண்டு பேருக்குமே அது பிடிக்கவில்லை.

மறுநாள் அக்காள் மணவாளநல்லூருக்குப் புறப்பட்டாள். அங்கே கொளஞ்சியப்பர் கோயிலில் குறையைக் காகிதத்தில் மனுவாக எழுதிச் சாமி முன்னிலையில் கட்டிவிட்டு வருவார்கள். பிராது கட்டுவது என்று பெயர். காரியம் முடிந்ததும் மறுபடி போய் ராஜினாமா எழுதிக் கொடுத்து வழக்கை வாபஸ் வாங்கிக்கொள்ளவேண்டும். முருகன் கச்சேரியில் எல்லாம் எழுத்து மூலம். கொட்டகையை மூடிவிடும் புத்தியை இந்த மனுஷருக்குக் கொடு என்று அக்காள் பிராது எழுதினாள். என்னைத்தான் எழுதித் தரச் சொன்னாள்; பிழையில்லாமல் இருக்கவேண்டுமாம்.

கட்டிவிட்டுத் திரும்பும்போது, முந்தின வெள்ளிக்கிழமை தன் மகளும் ஒரு பிராது கட்டியிருக்கிறாள் என்று பூக்காரி சொல்லி அவளுக்குத் தெரிந்தது. அக்காள் கோபித்துக்கொள்ளவில்லை. "யாரு எழுதிக் குடுத்தது, அவ அப்பாவா?" என்று மட்டும் கேட்டாள்.

மாமா சூளை வாயில் உட்கார்ந்திருந்தார். கார்த்திகைக்கு 5,000 அகல் உள்ளே வெந்துகொண்டிருந்தது. நான் கேட்டதற்கு அவர் துவாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "இரு மாப்ளே, ரெண்டாவது கூம்பு இப்பத்தான் சாயுது" என்றார்.